மதினிக்கு விழுந்த முழுப்பேர்

மதினிக்கு,

இன்று மத்தியானம் கொட்டகலை பஜாரிலிருந்து திரும்பும்போது ஓர் அம்மாவை லொறியில் ஏற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, பஸ் கிடைக்காமல் மழையில் நின்றார். முன் சீட்டில் உட்கார்ந்ததும் முந்தானையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து யூகலிப்டஸ் தைலத்தை நெஞ்சில் தடவிக்கொண்டார். எங்கள் தோட்டத்து மேல் பிரிவு முடக்கில் அவர் இறங்கிப் போய்விட்டார். வாசனை இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், துணியால் சீட்டைத் துடைத்தும் பார்த்தேன். கடைசியில் லொறியை ஓரங்கட்டிவிட்டு, பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, "வாங்க மதினி" என்று சொல்லிவிட்டேன்.

நீங்களும் இதே சீட்டில் உட்கார்ந்து இதே தைலத்தைத்தான் பூசிக்கொள்வீர்கள். பின்னால் ஏற்றியிருக்கிற தேயிலைக் கொழுந்தில் வாசனை ஏறினால் பேக்டரியில் எனக்குத்தான் ஏச்சு விழும் என்று நான் சலித்துக்கொள்வேன். "ஏறட்டுமே தம்பி. குடிக்கிற வெள்ளைக்காரனுக்குச் சளி பிடிக்காது, நமக்குப் புண்ணியம்" என்பீர்கள். கோபமாகத் தொடங்கியவனைச் சிரிக்க வைத்து அனுப்புவது உங்கள் வழக்கம். இப்போது அந்தச் சீட்டில் யார் ஏறினாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஏற்றாமலும் இருக்க முடியவில்லை.

நீங்கள் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நான் லைசன்ஸ் எடுத்திருக்கவில்லை. வாய் திறக்காத அண்ணனுக்கு வாய் ஓயாத பெண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்களே என்று லயமே சிரித்தது. நான் முதல்முதலாக லொறி ஓட்டிக்கொண்டு வந்த அன்று, வாசலில் நின்று "டைவர் தொரை வர்றாங்க, எல்லாரும் வழி விடுங்க" என்று கூவி என் மானத்தை வாங்கினீர்கள். அதற்குப் பிறகு தோட்டத்தில் எனக்கு வேறு பெயர் இல்லை. இன்றும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், கூப்பிட்டவரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களைத் தேடுகிறேன்.

மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் சொல்ல ஆரம்பித்தபோது, ரத்தம் பத்தவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னோம். தோட்டத்தில் எந்தப் பெண்ணுக்கு ரத்தம் பத்தியிருக்கிறது? நுவரெலியாவில் காட்டியபோதுதான் இருதயத்தில் ஒரு கதவு சரியாக மூடுவதில்லை என்று தெரிந்தது. அதையும் நீங்கள் சும்மா விடவில்லை. "லயத்துக் கதவே ஒழுங்கா மூட மாட்டேங்குது, இப்ப இது வேற" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தீர்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று உங்களைப் பார்த்த டாக்டர் சின்ன வயசுச் சிங்களப் பெண். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "கந்த நகின்ன எபா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மலை ஏறக் கூடாது. அவ்வளவு சிங்களம் நம் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் நமக்கு அந்தக் காப்புறுதி இருந்தது. அரசாங்கம் பாதி, கம்பெனி பாதி என்று தோட்டத்து ஆட்களின் வைத்தியத்துக்காகப் போட்டு வைத்த ஏற்பாடு. நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தபோது ஆஸ்பத்திரியில் பார்ப்பது இலவசம்தான், ஆனால் மாத்திரையை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். ரத்தப் பரிசோதனையையும் வெளியேதான் செய்ய வேண்டியிருந்தது. அந்த வெளியே என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் செத்தார்கள் என்று நமக்குத் தெரியும். காப்புறுதி இருந்ததால் உங்கள் மாத்திரை தடையில்லாமல் வந்தது. மாதாமாதம் கிளினிக் வேன் லயத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டது. உங்களுக்கு மட்டும் கிடைத்தால் போதும் என்று நீங்கள் இருக்கவில்லை. மாதர் சங்கத் தலைவி என்ற பெயரில் லயத்து வீடுகளில் காம்பிரா காம்பிராவாக ஏறி இறங்கி, வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடந்த சீக்காளிகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து வேனில் ஏற்றினீர்கள். வேனில் உங்களுக்கே இடம் இல்லாமல் போன மாதமும் உண்டு. அன்று என் லொறியில் பாதி வழி, பஸ்ஸில் மீதி வழி.

மலை ஏறக் கூடாது என்பதால் தோட்டத்துத் தொரை உங்களைத் தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தில் போட்டார். உட்கார்ந்த வேலை. ஆனால் அங்கே வாரத்தில் சில நாள்தான் ஆள் எடுப்பார்கள். அதுவே போதும் என்று இருந்தீர்கள். மகள் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சேலை கட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதைப் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு இந்தக் கதவு மூடினால் என்ன, திறந்து கிடந்தால் என்ன என்பீர்கள்.

அப்புறம்தான் அந்தக் கூட்டம். கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டு, காப்புறுதியைப் பார்க்கிற அதிகாரி வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். ஒதுக்குகிற பணத்தை மேலே குறைத்துவிட்டார்கள், அதனால் எல்லோருக்கும் இனிக் கொடுக்க இயலாது என்றார். வேலையை விட்டு நின்ற வயசாளிகளுக்கு இல்லை. வேலையில் இருப்பவர்களிலும், மாதத்தில் போதுமான முழுப்பேர் விழுந்தவர்களுக்கு மட்டும்தான். அன்றைக்குச் சொன்ன கிலோவைப் பறித்துக் காட்டினால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அரைப்பேர் கணக்கில் வராது. எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள்.

"ஐயா, நோய் வந்தா வேலை செய்ய முடியாதுன்னுதானே வைத்தியம் கேக்குறோம். வேலை செஞ்சாத்தான் வைத்தியம்னா, நோய் இல்லாதவங்களுக்குத்தானே அது கிடைக்கும்?"

அந்த மனிதர் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு, "இது எங்கட கையில இல்லை, அம்மா. மேல இருந்து வந்த முடிவு" என்றார். பொய் சொல்கிறவர்போல எனக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொன்னால் சண்டையாவது பிடிக்கலாம். கையில் இல்லை என்று சொல்கிற ஆளை என்ன செய்வது? நீங்கள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பச் சொன்னீர்கள்.

மறு வாரமே நீங்கள் கன்று வளர்க்கும் வேலையை விட்டுவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டினீர்கள். முழுப்பேர் தினமும் விழுவது மலையில்தான். அண்ணன் உங்களோடு சண்டை போட்டதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கத்தினார். மாத்திரை நின்றுபோனாலும் சாவுதானே, மலை ஏறினாலாவது மாத்திரை வரும் என்று நீங்கள் சொன்னீர்கள். இருதயத்துக்கு மருந்து வாங்குவதற்காக அந்த இருதயத்தையே மலையில் ஏற்றி இறக்கினீர்கள். இப்படி ஒரு கணக்கை எந்தக் கிறுக்கன் போட்டான் என்று இன்றும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாகத் திட்டுகிறேன்.

உங்களால் பறிக்கக் கொடுத்த நிரையை முடிக்க முடியவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது. அப்போதுதான் பெண்கள் அதைத் தொடங்கினார்கள். புதிதாகத் தொடங்கியது அல்ல, தோட்டத்தில் எப்போதும் இருக்கிற வழக்கம்தான். பிள்ளைத்தாய்ச்சிக்கும், சாவு வீட்டிலிருந்து அழுது களைத்து வந்தவளுக்கும், மலைக்கு வந்த முதல் வாரத்தில் விரல் ஓடாத குமரிக்கும், மடுவத்தில் கொழுந்தை நிறுப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு கை அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். போடுகிறவள் சொல்ல மாட்டாள், வாங்குகிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கையா கண்ணில் படாமல் இருக்க, மடுவத்துக்கு மேலே இருக்கிற வளைவிலேயே வேலை முடிந்துவிடும். நிறுவையை எழுதுகிற கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். நல்ல மனுசன், கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

உங்கள் கூடையில் அப்படித்தான் விழுந்தது, நாள் தவறாமல். தன் பேர் அரைப்பேராகிவிடுமோ என்று பயந்தவள்கூட ஒரு கை போட்டாள். வேனில் நீங்கள் இழுத்துக்கொண்டு போய் ஏற்றியவர்கள் அவர்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், மனசு நிறைந்துகூடப் போயிருக்கிறது. இந்த ஜனம் ஒருத்தியை விட்டுக்கொடுக்காது என்று பெருமையாக இருந்தது. அந்த ஒவ்வொரு கையும் உங்களை மறுநாளும் மலைக்கு அனுப்புகிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. முதல் வாரமே அரைப்பேர் விழுந்திருந்தால் நீங்கள் கூடையைக் கழற்றி வைத்திருப்பீர்கள். அடுத்த கூட்டத்துக்கு உயிரோடு வந்து அந்த மனிதரை இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பீர்கள். அன்பு வைத்தே உங்களைக் கொன்றோமோ என்று பெண்கள் இப்போது தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த மாதக் கடைசியில் மெலிந்துபோனீர்கள். மடுவத்தில் லொறி நின்றதும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து தைலத்தைத் தடவுவீர்கள். உதடு நீலம் பூத்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டால், "கிளினிக் வேன்தான் வரப்போகுதே தம்பி. இன்னும் ரெண்டு முழுப்பேர் விழுந்தா ஏறிப் போயிருவேன்" என்று சொல்வீர்கள். சொல்லிவிட்டு இறங்கிக் கூடையைத் தேடுவீர்கள்.

அன்று காலையில் மழை விட்டிருந்தது, பனிமூட்டம் மட்டும் விலகவில்லை. மத்தியான நிறுவைக்குப் பெண்கள் இறங்கும்போது, நீங்கள் நிழல்மரத்தடியில் உட்கார்ந்து, கூடையை மட்டும் கொண்டு போகச் சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு வருவதாகச் சொன்னீர்களாம். கீழ்க் காம்பிரா அக்கா தன் கூடையோடு உங்கள் கூடையையும் தூக்கிக்கொண்டு வந்தார். வளைவில் எல்லோரும் வழக்கம்போலப் போட்டார்கள். அன்று கொஞ்சம் கூடுதலாகவே போட்டார்கள், மாதம் முடிகிறதே என்று. உங்கள் கூடையைத் தராசில் தூக்கி மாட்டியவன் நான். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்துவிட்டு, "முழுப்பேரு" என்றார். உட்கார்ந்துகொண்டே பேர் போட்டுவிட்டாளே மகராசி என்று யாரோ கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சேதி சொல்ல அக்காதான் மேலே ஏறினார். நீங்கள் மரத்தில் சாய்ந்து, தலைச்சாக்கை நெற்றி வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களாம். தூங்குகிறீர்கள் என்று நினைத்து, பேர் விழுந்துவிட்டது, இனி வேனுக்குக் கவலை இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் போட்ட சத்தம் மடுவம் வரைக்கும் கேட்டது.

நான்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பின்னால் கொழுந்து, முன்னால் நீங்கள். அக்கா உங்கள் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் அதிகம் பார்க்கவில்லை, பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு நான் பேக்டரிக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணனுக்கு அங்கேதான் வேலை, சேதி இன்னும் போகவில்லை. லொறி பிந்தி வந்ததில் அவருக்குக் கோபம். என் முகத்தைப் பார்க்காமலே பின்னால் போய் மூட்டையை இறக்கத் தொடங்கினார். உங்கள் கொழுந்து இருந்த மூட்டையும் அதில்தான் இருந்தது. அவர் கையைப் பிடித்து நிறுத்த எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

காரியம் முடிந்த பிறகு ஒரு காலை, கிளினிக் வேன் வந்தது. புது ஓட்டுநர், ஒன்றும் தெரியாதவர். லயத்து முன்னால் நிறுத்தி ஹோர்ன் அடித்துவிட்டு உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. அண்ணன் முகம் கழுவிக்கொண்டிருந்தவர், துண்டோடு வெளியே வந்து, "வர்றா, கொஞ்சம் நில்லுங்க" என்றார். சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். ஓட்டுநரும் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். நான் போய் அவர் காதில் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. இந்த மாதம் ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஆபீசில் சொன்னார்களே, பேரெல்லாம் சரியாக இருக்கிறது என்றார்களே என்று முணுமுணுத்தார். சரியாகத்தான் இருந்தது, மதினி. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த முறை அந்த அதிகாரி வந்தபோது பெண்கள் மலைக்குப் போகவில்லை. கூடைகளை லயத்திலேயே வைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். யார் பேசுவது என்று தெரியவில்லை, பேசுகிற ஆள் நீங்கள்தானே. அப்போது அண்ணன் எழுந்தார். நாற்காலிக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவ செத்த அன்னிக்கும் முழுப்பேருங்கய்யா. இதுக்கு மேல என்ன செஞ்சிருக்கணும்?"

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று தன் கையில் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சில வாரத்தில் அந்த விதி தளர்ந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த நோயாளிகளுக்குப் பேர் பார்க்க மாட்டோம் என்றார்கள், ஆனால் இந்த வருசம் மட்டும்தானாம். வயசாளிகளைத் திரும்பச் சேர்க்கவே இல்லை. உங்கள் மகள் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். போகிற வழியில் லொறியைக் கண்டால் கையைக் காட்டுவாள், அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குச் சிரமமாக இருக்கும்.

வருசம் முடியப் போகிறது. பணத்தை இன்னும் குறைக்கிறார்களாம். வேனை நிறுத்தப் போகிறார்கள், பழைய விதியும் வரும் என்று பேச்சு. வருகிற வாரம் மண்டபத்தில் கூட்டம். அண்ணன் இனி வாயைத் திறக்க மாட்டார். பெண்கள் என்னைப் பேசச் சொல்கிறார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் சொன்னார்கள், என்னால் மறுக்க முடியவில்லை. அந்த முன் சீட்டில் இப்போது ஏறுகிறவர்கள் பலர், மதினி. மூச்சு வாங்குகிறவர்கள், கால் வீங்கியவர்கள். அவர்களில் யார் இனிக் கூடையைத் தூக்கப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். கண்ணாடியில் பின்னால் பார்க்கும்போதெல்லாம் வளைவில் நீங்கள் நிற்கிறீர்கள். லொறியை மெதுவாக்கினால் அங்கே யாரும் இல்லை.

உங்களைப்போல மடக்கிக் கேட்க எனக்கு வராது. பணக் கணக்கு சொன்னால் அவர்கள் வேறு கணக்கு சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லப் போகிறேன். அன்று மத்தியானம் இந்தக் கையால்தான் இரண்டையும் தூக்கினேன். முதலில் உங்கள் கூடையை, பிறகு உங்களை. கூடைதான் கனமாக இருந்தது.